முன்னாள் மனைவி பிள்ளைகளோடு பெர்த் போகப் போகிறார்: செந்தூல் தகப்பனுக்கு என்ன வழி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் தகப்பன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூட்டு மனு போட்டு விவாகரத்து ஆகியிருக்கிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. கஸ்டடி இருவருக்கும் கூட்டாக. பிள்ளைகள் தாயோடு வசிக்கிறார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறும், பள்ளி விடுமுறையில் பாதியும் தகப்பனோடு. தாய் தாதியாக வேலை செய்கிறார். இப்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. “பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருடக் கடைசிக்குள் போகிறேன்” என்று வாட்சாப்பில் செய்தி வந்திருக்கிறது. தடுக்க முடியுமா, தடுக்காவிட்டால் பிள்ளைகளை இழந்துவிடுவேனா என்று அவர் கேட்கிறார்.

குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் விவாகரத்து உத்தரவை நேரில் படிக்காமல் சொல்வது இது. படித்துப் பார்த்த ஒரு வழக்கறிஞர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

தடுக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் கேட்பதற்கும் ஏறிய பிறகு கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிள்ளைகளை நாட்டுக்கு நாடு தூக்கிச் சென்றால் திரும்ப அனுப்பிவைக்க 1980-இல் உருவான ஹேக் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் எல்லாம் அதில் இருக்கின்றன. மலேசியா இல்லை, இந்தியாவும் இல்லை. அதனால் பிள்ளைகள் பெர்த்தில் இறங்கிவிட்டால், “திருப்பி அனுப்புங்கள்” என்று அரசாங்கம் வழியாகக் கேட்கும் அந்தச் சுலபமான வழி உங்களுக்குக் கிடையாது. நீங்களே அங்கே வழக்கறிஞர் வைத்து, அங்குள்ள நீதிமன்றத்தில், அந்த ஊர்ச் சட்டப்படி கேட்க வேண்டும். நம் ஊர் உத்தரவை அவர்கள் பார்ப்பார்கள், ஆனால் அது அங்கே தானாகச் செல்லாது. அதற்குள் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்து, நண்பர்கள் கிடைத்து, அந்த ஊர் பழகிப்போயிருக்கும். ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு எதிராகவே போகும். ஆகவே “முதலில் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, உத்தரவின் முத்திரையிட்ட பிரதியை எடுத்து வரி வரியாகப் படிப்பது. பலர் விவாகரத்து முடிந்ததும் அதைக் கோப்பில் போட்டு மறந்துவிடுகிறார்கள். நம் ஊர் உத்தரவுகளில் இரண்டு சங்கதிகள் தனித்தனியாக வரும். ஒன்று கஸ்டடி: எந்தப் பள்ளி, என்ன சமயம், என்ன மருத்துவம், எந்த நாட்டில் வாழ்வது போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமை. மற்றொன்று அன்றாடப் பராமரிப்பு: பிள்ளை யார் வீட்டில் தூங்கி எழுகிறது என்பது. உங்களுடையது கூட்டுக் கஸ்டடி என்பதால், நாடு மாறுவதைத் தாய் தனியாக முடிவு செய்ய முடியாது என்று வாதிட உங்களுக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. அப்புறம், பிள்ளைகளை மலேசியாவுக்கு வெளியே கொண்டு செல்வது பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள். 1976-ஆம் ஆண்டின் திருமண, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டத்தின் 89-ஆவது பிரிவு, பிள்ளை எங்கே வசிக்க வேண்டும், மற்ற பெற்றோர் எப்போது பார்க்கலாம், நாட்டை விட்டுக் கொண்டு செல்லக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. கூட்டு மனுவில் இருவரும் பேசி எழுதிய ஷரத்துகளில் அப்படி ஒரு வரி சில நேரம் இருக்கும். இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு உத்தரவே இருக்காது. பிரிந்து வாழ்வார்கள், விவாகரத்து இன்னும் ஆகியிருக்காது. 1961-ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவலர் சட்டம் 1999-இல் திருத்தப்பட்ட பிறகு தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை. சம உரிமை என்றால், உத்தரவு இல்லாத வரை ஒருவர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதை விமான நிலையத்தில் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதும் அதற்குள் அடங்கும். அவர்கள் உங்களைவிட அவசரமாக நீதிமன்றம் போக வேண்டும்.

அடுத்தது விசா. இது பலருக்குத் தெரிவதில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆஸ்திரேலிய விசா கேட்கும்போது, உடன் போகாத பெற்றோரின் சம்மதத்தை அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறை கேட்கும். அதற்கென்றே படிவம் 1229 இருக்கிறது. சம்மதம் இல்லையென்றால், பிள்ளையைக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கிறது என்று காட்டும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். ஆகவே உங்கள் முன்னாள் மனைவி ஒன்று உங்கள் கையெழுத்துக்கு வருவார், இல்லை நீதிமன்றத்துக்குப் போவார். “சும்மா ஒரு ஃபார்ம்தான், லீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்” என்று ஒரு தாள் வந்தால், என்ன விசா, எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதே சமயம், அந்தக் கையெழுத்தை ஆயுதமாக வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்காதீர்கள். பின்னால் நீதிபதி அந்த மௌனத்தையும் பார்ப்பார்.

வாட்சாப் செய்திக்குப் பதில் எழுதுங்கள். கோபமாக வேண்டாம், சுருக்கமாக எழுதினால் போதும். நான் சம்மதிக்கவில்லை, ஆனால் பேசத் தயார், இந்த விவரங்களைச் சொல்லுங்கள். வேலை நிரந்தரமா ஒப்பந்தமா? ஷிப்ட் வேலையென்றால் இரவில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? வீடு எங்கே? பள்ளி எது? அங்கே உறவு யாராவது இருக்கிறார்களா? மகன் முதல் வகுப்பை எங்கே தொடங்குவான்? தமிழ் வகுப்பு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலோ, பதில் வராமல் போவதோ, இரண்டுமே உங்கள் வழக்கில் சாட்சி. வாயால் “சரி, பார்க்கலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு “சரி” சம்மதமாகப் பிரமாண வாக்குமூலத்தில் ஏறிவிடும்.

பேச்சு நகரவில்லை, டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் நீதிமன்றம் போக வேண்டியதுதான். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு. பினாங்குக்காரர்களுக்கு ஜார்ஜ் டவுன் லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றம். பொதுவாக எந்த நீதிமன்றம் உங்கள் விவாகரத்து உத்தரவைக் கொடுத்ததோ அங்கேயே அந்தக் கோப்பிலேயே மனுப் போடுவார்கள். அதே 1976 சட்டத்தின் 101-ஆவது பிரிவு, பிள்ளையை மலேசியாவுக்கு வெளியே கொண்டு செல்லத் தடை போடவும், நிபந்தனையோடு அனுமதி கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தத் தடையை மீறுவது நீதிமன்ற அவமதிப்பு. ஆனால் அந்தப் பிரிவின் வாசகம், விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும் நிலையையும், ஒருவருக்கு மட்டும் கஸ்டடி உள்ள நிலையையும்தான் நேரடியாகச் சொல்கிறது. உங்களுடையது கூட்டுக் கஸ்டடி, வழக்கும் முடிந்துவிட்டது. ஆகவே வழக்கறிஞர் 101-ஐ மட்டும் நம்பி மனு எழுதினால் எதிர்த்தரப்பு அங்கேயே கை வைக்கும். சூழ்நிலை மாறியதால் உத்தரவைத் திருத்தக் கேட்கும் 96-ஆவது பிரிவையும், நிபந்தனை போடும் 89-ஆவது பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே இதைக் கேளுங்கள். சொத்து, விபத்து வழக்குகள் மட்டும் நடத்துகிறவருக்கு இது உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.

மிக அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்குச் சொல்லாமலே தற்காலிகத் தடை வாங்க முடியும். அப்படிக் கிடைக்கும் தடை பொதுவாக 21 நாளில் தானாகக் காலாவதியாகிவிடும். அதற்குள் இரு தரப்பையும் நீதிபதி கேட்க வேண்டும். ஒருதலையாகப் போகும்போது உங்களுக்குப் பாதகமான உண்மையையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் ஜீவனாம்சம் கட்டவில்லை என்பதை மறைத்தால், அடுத்த விசாரணையில் தடை கலைவதோடு உங்கள் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போய்விடும். தடை கிடைத்ததும் பிரதியைக் குடிநுழைவுத் துறையிடம் சேர்ப்பிக்க வேண்டும், பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை வழக்கறிஞரிடம் ஒப்படைக்கும்படி உத்தரவிலேயே கேட்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் தாள். நம் சமூகத்தில் இந்திரா காந்தி என்ற தாயின் வழக்கு தெரியாத வீடு இல்லை. 2009-இல் 11 மாதக் கைக்குழந்தையைக் கணவர் கொண்டுபோனார். ஈப்போ உயர் நீதிமன்றம் தாய்க்குக் கஸ்டடி கொடுத்தது. முன்னாள் கணவருக்கு எதிரான பிடியாணையை நிறைவேற்றும்படி 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் போலீசுக்குச் சொன்னது. அதற்குப் பிறகும் அந்தத் தாய் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. நாட்டுக்குள்ளேயே அந்த நிலை என்றால், உத்தரவை நடைமுறைப்படுத்தும் வழியை முதலிலேயே யோசிக்க வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.

சரி, நீதிபதி எதைப் பார்ப்பார்? அதே 1976 சட்டத்தின் 88-ஆவது பிரிவு சொல்வது பிள்ளையின் நலனே முதன்மை என்று. பெற்றோரின் விருப்பம், கருத்துச் சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பம் ஆகியவற்றையும் கணக்கில் எடுப்பார்கள். 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயோடு இருப்பதே நல்லது என்று ஓர் அனுமானம் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் மகன் விஷயத்தில் அது தாய் பக்கம் நிற்கும். அது மறுக்கக்கூடிய அனுமானம்தான். பிள்ளையின் பழகிய வாழ்க்கையைக் குலைப்பது நல்லதல்ல என்பதையும் பார்க்கும்படி அதே பிரிவு சொல்கிறது. மகளுக்கு 9 வயது என்பதால் நீதிபதி அவளைத் தன் அறையில் கூப்பிட்டுத் தனியாகப் பேசலாம். நீதிமன்றம் சமூக நல அதிகாரியின் அறிக்கையையும் கேட்கலாம். இரண்டு பிள்ளைகளையும் ஒரே இடத்தில் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அண்ணன் தம்பி அக்காளைப் பிரிக்க நீதிபதிகள் எளிதில் மனம் வைக்க மாட்டார்கள். “மகளை நான் வைத்துக்கொள்கிறேன், மகனை அவர் கொண்டு போகட்டும்” என்று பேரம் பேசும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக்குக் குடிபெயரும் வழக்குகளில் நம் நீதிபதிகள் பிரிட்டன், சிங்கப்பூர் தீர்ப்புகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். அவை நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடை உண்டு. 2001-இல் வந்த பெய்ன் எதிர் பெய்ன் என்ற ஆங்கிலத் தீர்ப்பு, பிள்ளையை வளர்க்கும் தாயின் நியாயமான திட்டத்தை மறுத்தால் அந்த மனச்சோர்வு பிள்ளையையும் பாதிக்கும் என்பதற்கு நிறைய இடம் கொடுத்தது. பின்னால் வந்த தீர்ப்புகள் அதை ஒரு விதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம், பிள்ளையின் நலன் என்ற ஒன்றுதான் அளவு என்று சொல்லிவிட்டன. சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் ஒரு வழக்கில், தாய் பிள்ளைகளை கனடாவின் டொரண்டோவுக்குக் கொண்டு செல்ல அனுமதி மறுத்தது. போகலாம் என்றோ கூடாது என்றோ முன்கூட்டிய சாய்வு எதுவும் கிடையாது. பின்தங்கும் பெற்றோரோடு உள்ள உறவை இழப்பதும் பிள்ளைக்கு நேரும் இழப்புதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் வழக்கறிஞர் அதைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் நான் உங்களிடம் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. அந்த இழப்பு எவ்வளவு என்பதை நீதிமன்றம் உங்கள் பாசத்தை வைத்து அளக்காது. பிள்ளைகளின் ஒரு சாதாரண வாரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வைத்து அளக்கும். மகளின் வகுப்பு ஆசிரியர் பெயர் தெரியுமா? மகனுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? ரிப்போர்ட் கார்டில் யார் கையெழுத்து? சனி ஞாயிறு உங்கள் முறையில் எத்தனை தடவை “வேலை இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன்” என்று செய்தி போனது? உங்கள் அம்மா வீட்டில் பிள்ளைகள் தங்கும்போது சித்தப்பா, அத்தை பிள்ளைகளோடு வளர்கிறார்கள் என்றால் அதையும் எழுதுங்கள். நம் குடும்பங்களில் பாட்டி கையில் வளரும் பிள்ளைக்கு அந்த உறவும் வீடுதான். படங்கள், பள்ளிக்கு வந்துபோனதன் பதிவு, டியூஷன் கட்டண ரசீது, கிளினிக் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். இதில் உங்களுக்குக் குறை இருந்தால் இன்றிலிருந்து சரி செய்யுங்கள். நீதிமன்றத்துக்குக் காட்டுவதற்காகச் செய்தாலும் பரவாயில்லை, பிள்ளைகளுக்கு அந்த வாரம் கிடைத்துவிடும்.

எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதும் முக்கியம். அவருக்கு அங்கே ஆள் இருக்கிறது, அவர் அம்மா தூண்டிவிடுகிறார், என் மானம் போகிறது என்று வாக்குமூலத்தை நிரப்பினால், தண்டிப்பதற்காகத் தடுக்கிறார் என்ற எண்ணம்தான் நீதிபதிக்கு வரும். ஒரு தாதி நல்ல சம்பளத்துக்கு வெளிநாடு போக நினைப்பது இயல்பான ஆசை. அதை ஒப்புக்கொண்டு, இருந்தும் பிள்ளைகளுக்கு இதனால் நேர்வது இது என்று பேசுகிறவரின் குரல்தான் அங்கே எடுபடும்.

ஜீவனாம்சத்தை நிறுத்தி வைத்து மிரட்டாதீர்கள். பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர்களுக்குப் படியளப்பதும் இரண்டு தனித்தனிக் கடமைகள். 18 வயது வரை, 2017-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு மேற்படிப்பு முடியும் வரை கூட, அந்தக் கடமை தொடரலாம். அதேபோல உங்கள் முறைக்கு வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வது, பாஸ்போர்ட்டைத் திருடி ஒளிப்பது போன்றவை நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். சட்டப்படியான கஸ்டடி இல்லாத பெற்றோர், உரியவரின் சம்மதமின்றிப் பிள்ளையை நாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ கொண்டு போவது 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தில் குற்றம். அந்தக் கத்தி இருபக்கமும் வெட்டும்.

பிள்ளைகள் உங்களோடு இங்கேயே வாழட்டும் என்று அன்றாடப் பராமரிப்பையே மாற்றக் கேட்பதும் ஒரு வழி. அதைக் கேட்பதற்கு முன், காலை ஆறரைக்கு மகளைப் பள்ளி வேனில் ஏற்றுவது யார், மகனுக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுப்பது யார் என்று உங்களால் நேராகப் பதில் சொல்ல முடிய வேண்டும். “அம்மா பார்த்துக்கொள்வார்” என்பது பாதிப் பதில்தான்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். தாய் நல்ல திட்டத்தோடு வந்தால், வேலை உறுதி, வீடு உறுதி, பிள்ளைகள் அவரோடுதான் இதுவரை வளர்ந்தார்கள் என்றால், நீதிமன்றம் அனுமதி கொடுக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்போது நிபந்தனைகளை எழுதுவது நீதிபதியும் எதிர்த்தரப்பும்தான். அதற்கு முன்பே பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தால் நிபந்தனைகளை நீங்களும் சேர்ந்து எழுதலாம். தடுக்கும் மனுவைக் கையில் வைத்துக்கொண்டே சமரசம் பேசுவதில் தவறொன்றும் இல்லை. அப்படிப் பேசித்தான் பல குடும்பங்களுக்கு நல்ல உத்தரவு கிடைக்கிறது. நீதிமன்றத்திலேயே சமரசப் பேச்சுக்கு வழி உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அந்தப் பேச்சில் எதைக் கேட்பது என்பதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் அடுத்த பத்து வருடம் அந்த நாலைந்து பக்கங்களில்தான் இருக்கப் போகிறது.

பெர்த் என்பதில் உங்களுக்கு ஒரு நல்லது இருக்கிறது. அங்கும் இங்கும் ஒரே மணி, வருடம் முழுவதும். விமானத்தில் ஐந்தரை மணி நேரம். லண்டன் என்றால் பிள்ளை பள்ளி விட்டு வரும்போது இங்கே நள்ளிரவு. பெர்த்தில் மகன் இரவு சாப்பிடும்போது நீங்களும் சாப்பிடலாம். ஆகவே “நியாயமான நேரத்தில் வீடியோ அழைப்பு” என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, தவறினால் மறுநாள் எப்போது என்று எழுதுங்கள். விடுமுறை விஷயத்திலும் அப்படியே. மேற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கு வருடத்தில் நான்கு தவணை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிக் கடைசி வரை ஆறு வாரம்போல் நீண்ட விடுமுறை, இடையில் ஏப்ரல், ஜூலை, செப்டம்பர் வாக்கில் இரண்டிரண்டு வாரம். பொங்கல் அந்த நீண்ட விடுமுறைக்குள் வந்துவிடும், சில வருடம் தைப்பூசமும் வரும். தீபாவளி பள்ளி நாளில்தான் வரும். ஆகவே பொங்கலைப் பிடித்துக்கொள்ளுங்கள்; தீபாவளிக்கு நீங்கள் அங்கே போய்ப் பிள்ளைகளோடு இருக்க உரிமை கேளுங்கள். இப்போது உங்களுக்குக் கிடைக்கும் சனி ஞாயிறுகளைக் கூட்டிப் பார்த்து, அந்த நாட்களுக்கு ஈடாக நீண்ட விடுமுறையில் பெரும் பகுதியைக் கேட்பது நியாயமான வாதம்.

டிக்கெட் பணம் யார் கட்டுவது, எத்தனை வாரத்துக்கு முன் எடுப்பது, சின்னவன் தனியாகப் பறக்க முடியாத வயதில் கூட வருவது யார் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். போகிறவர் செலவில் பெரும் பங்கை ஏற்கட்டும் என்று கேளுங்கள். வேண்டுமானால் அந்தச் செலவை ஜீவனாம்சத் தொகையோடு ஈடுசெய்து பேசலாம். உறுதிக்காக ஒரு தொகையை வழக்கறிஞரிடம் வைப்பாக வைக்கச் சொல்லலாம்; முதல் விடுமுறைக்குப் பிள்ளைகள் வராவிட்டால் அது உங்களுக்கு வழக்குச் செலவாகட்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இங்கே பேசி முடித்த அதே ஷரத்துகளை மேற்கு ஆஸ்திரேலியக் குடும்ப நீதிமன்றத்திலும் ஒப்புதல் உத்தரவாக வாங்குவது. அந்த மாநிலத்துக்கென்று தனிக் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. அங்கே உத்தரவு இருந்தால், மீறும்போது அங்குள்ள நீதிபதியே கேட்பார். அந்த உத்தரவு கைக்கு வரும் வரை பாஸ்போர்ட்டை விடக் கூடாது என்று உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லி வையுங்கள்.

குடியுரிமையையும் மறக்காதீர்கள். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பெரியவர்கள் அங்கே நிரந்தரவாசம், குடியுரிமை என்று போகும்போது பிள்ளைகளின் நிலையும் சிக்கலாகும். பிள்ளைகள் மலேசியக் குடிமக்களாகவே இருக்க வேண்டும், பாஸ்போர்ட் காலாவதியாகாமல் புதுப்பிக்கப்பட வேண்டும், வேறு குடியுரிமைக்கு மனுப் போட இருவர் சம்மதமும் வேண்டும் என்று ஒரு ஷரத்துப் போடுங்கள். மகளுக்கு 12 வயதானதும் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். அந்த வருட விடுமுறை எந்தத் தேதி என்பதைக் கூட இப்போதே குறித்து வைக்கலாம்.

உள்நாட்டிலேயே இடம் மாறுகிறவர்களின் கேள்வியும் அடிக்கடி வருகிறது. கே.எல்-லிலிருந்து பினாங்குக்கோ ஜோகூர் பாருவுக்கோ போனால் 101-ஆவது பிரிவு உதவாது, ஏனென்றால் அது மலேசியாவுக்கு வெளியே கொண்டு செல்வதைப் பற்றியது. அங்கே 89-ஆவது பிரிவின் வசிப்பிட நிபந்தனையையும், 96-இன் திருத்தத்தையும்தான் நம்ப வேண்டும். பட்டர்வொர்த் வரை இ.டி.எஸ். ரயில் இருக்கும்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரத்தை மாதம் ஒரு நீண்ட வார இறுதியாக மாற்றிக்கொள்வது பெரும்பாலும் போதுமானது. சரவாக், சபா என்றால் வேறு கதை. அங்கே ஒரு தமிழ்ப்பள்ளிகூட இல்லை. மூன்றாம் வகுப்பில் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கூச்சிங் கொண்டுபோவது நாட்டுக்குள் நடக்கும் மாற்றம்தான் என்றாலும், படிக்கும் மொழியே மாறிப்போகும்; இதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தீபகற்பக்காரர்கள் அங்கே வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்பதால், அந்த அனுமதி எத்தனை நாளைக்கு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

நான் இதுவரை சொன்னது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. பினாங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதிமன்றம். அங்கே 2004-ஆம் ஆண்டின் பினாங்கு இஸ்லாமியக் குடும்பச் சட்டம், கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம். கூட்டரசுப் பிரதேசச் சட்டத்தில் தாயின் ஹதானா உரிமை, அதாவது பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும் உரிமை, மகனுக்கு 7 வயது, மகளுக்கு 9 வயது வரை. நீதிமன்றம் அதை 9, 11 என்று நீட்டலாம். இடமாற்றம் பற்றி அந்தச் சட்டம் நேராகவே பேசுகிறது: தகப்பன் தேவையான கண்காணிப்பைச் செய்ய முடியாதபடி தாய் வசிப்பிடத்தை மாற்றினால் உரிமையை இழக்கலாம், ஆனால் விவாகரத்தான மனைவி தன் பிள்ளையைத் தான் பிறந்த ஊருக்குக் கொண்டு செல்லலாம். அவர்கள் ஷரியா வழக்கறிஞரிடம் இந்த ஷரத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். “அம்மாவோடு போவியா, அப்பாவோடு இருப்பியா” என்று மகளிடம் கேட்காதீர்கள், பாட்டி தாத்தாவையும் கேட்க விடாதீர்கள். நீதிபதி அவளோடு பேசும்போது சொல்லிக்கொடுத்த வார்த்தை உடனே தெரிந்துவிடும். அதைவிட, 9 வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றக்கூடிய சுமை அல்ல அது. அவளாகக் கேட்டால், “நானும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறோம், எங்கே இருந்தாலும் நான் உன்னோடு பேசுவேன், பார்க்க வருவேன்” என்பது போதும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சட்ட உதவித் துறை, மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்துக் குடும்ப வழக்குகளை எடுப்பார்கள். போகும்போது முத்திரையிட்ட விவாகரத்து உத்தரவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஜீவனாம்சம் கட்டிய வங்கிப் பதிவு, அந்த வாட்சாப் செய்தியின் தேதி தெரியும்படியான அச்சுப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வருடக் கடைசிக்கு இன்னும் எத்தனை வாரம் இருந்தாலும் சரி, இந்த வாரமே நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.